பிராக் லோப்கோவிட்ஸ் அரண்மனை: தூதரகமான பரோக் மாளிகையும் 1989 செப்டம்பரும்

கூரைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற இலையுதிர் காலத்தில் பிராக் நகரில் நான்கு நாள்கள் தங்கியிருந்தேன். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம் என்று எல்லோரும் பார்ப்பவற்றை ஒன்றரை நாளில் முடித்துக்கொண்டு, எஞ்சிய பொழுதையெல்லாம் மாலா ஸ்த்ரானா எனப்படும் பழைய நகர்ப்பகுதியின் ஏற்ற இறக்கமான தெருக்களில் கழித்தேன். அங்கே விளாஷ்ஸ்கா தெருவில் நிற்கும் லோப்கோவிட்ஸ் அரண்மனையைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். இன்று அது ஜெர்மனியின் தூதரகம்.

தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய மாளிகை, அவ்வளவுதான். கொடி, காவலர், விசா பற்றிய அறிவிப்புப் பலகை. அதன் உண்மையான முகம் பின்புறத்தில், பெட்ரின் குன்றின் சரிவை நோக்கிய தோட்டப் பக்கத்தில் இருக்கிறது. நடுப்பகுதி ஒரு பெரிய உருளையைப் போலத் தோட்டத்துக்குள் புடைத்து நிற்க, இருபுறத்துக் கட்டடங்களும் கைகளை நீட்டியதுபோல் வளைந்து வருகின்றன. அந்த உருளையின் முதல் தளத்தில் ஓர் உப்பரிகை இருக்கிறது. 1989 செப்டம்பர் 30 அன்று மாலை 7 மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ஹான்ஸ்-டீட்ரிஷ் கென்ஷர் அந்த உப்பரிகையில் வந்து நின்று, மேற்கு ஜெர்மனிக்குப் போக விரும்பி, அப்போது மேற்கு ஜெர்மனியின் தூதரகமாக இருந்த அந்த மாளிகைக்குள் வந்து கீழே சேற்றில் நின்றிருந்த ஏறத்தாழ 4,000 கிழக்கு ஜெர்மானியரிடம் அவர்கள் வெளியேறலாம் என்ற செய்தியைச் சொன்னார்.

அந்தப் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. “உங்களிடம் நாங்கள் வந்திருப்பது, இன்று உங்கள் வெளியேற்றம்…” என்ற அளவில் கூட்டத்தின் கூச்சல் அவரை விழுங்கிவிட்டது. தமிழைப் போலவே ஜெர்மன் மொழியிலும் இத்தகைய துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வினை வருவதற்குள் பொருள் விளங்கிவிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது புலப்படாத ஒன்று, தமிழில் யோசிக்கும்போது சட்டென்று பிடிபடுகிறது.

என் கருத்து இதுதான். 1703க்கும் 1707க்கும் இடையில் ஒரு பிரபு தன் செல்வத்தை ஊருக்குக் காட்டக் கட்டிய தோட்டமும் கூடமும் உப்பரிகையும் இல்லாதிருந்தால், 1989இல் அங்கே நடந்தது நடந்திருக்காது. அலுவலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில் அந்தத் தூதரகம் இயங்கியிருந்தால், ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே தங்கியிருப்பார்கள்? அமைச்சர் எங்கே நின்று பேசியிருப்பார்? தூதரகம் என்பது வேற்று நாட்டின் மண் என்பதும் இதில் சேர்ந்துகொண்டது. மண்ணும் மாளிகையும் கூடியதால் நிகழ்ந்த வரலாறு இது. நண்பர்கள் கருத்தை அறிய ஆவல்.

---

சட்டப்படி

கூரைநிழல் அவர்களுக்கு, பதிவின் முக்கால் பங்கையும் ரசித்துப் படித்தேன். ஆனால் கடைசிக்கு முந்தைய வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. தூதரகம் வேற்று நாட்டின் மண் அன்று. நம்மிடையே மிகப் பரவலாக இருக்கும் பிழையான எண்ணங்களில் இது ஒன்று. விசா வரிசையில் நிற்பவர் முதல் செய்தித்தாள் நிருபர் வரை பலரும் இதை நம்புகிறார்கள். அந்த அரண்மனை 1989இல் செக்கோஸ்லோவாக்கிய மண்ணில்தான் இருந்தது. இன்று செக் குடியரசின் மண்ணில்தான் இருக்கிறது.

உண்மையில் இருப்பது வேறொன்று. தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தூதரகத்தின் வளாகம் மீறப்படக் கூடாதது என்கிறது. தூதரின் இசைவு இல்லாமல் அந்நாட்டுக் காவலர் உள்ளே கால் வைக்க முடியாது, சோதனையிடவும் முடியாது. அதற்கும் மேலாக, வெளியிலிருந்து யாரும் அத்துமீறி நுழையாமல் அந்த வளாகத்தைக் காக்கும் சிறப்புக் கடமையும் அந்நாட்டு அரசுக்கு உண்டு. ஆகவே மண் யாருடையது என்பதைவிட, வாசற்படியைத் தாண்டக் கூடாதவர் யார் என்பதே இங்கே கேள்வி. 1989இல் தூதரகத் தோட்டத்தின் வேலியில் ஏறி உள்ளே வர முயன்றவரின் காலைப் பிடித்து இழுக்கச் செக் காவலரால் முடிந்தது. அவர் மறுபக்கம் குதித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே மனிதர், ஒரே நாட்டு மண், ஒரு கம்பி வேலி.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இது வழக்கமான பொருளில் அடைக்கலம் கேட்ட நிகழ்வும் அன்று. தூதரகத்தில் அடைக்கலம் தருவது எல்லா நாடுகளும் ஏற்ற பொது உரிமை ஆகாது என்பதை, பெரு நாட்டு அரசியல் தலைவர் ஆயா தெ லா தோர்ரே தொடர்பான வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 1950இலேயே உணர்த்தியது. அவர் லிமாவில் இருந்த கொலம்பியத் தூதரகத்துக்குள் ஐந்து ஆண்டுகள் அடைந்து கிடந்தார். பிராகில் நிலைமை வேறு. மேற்கு ஜெர்மனி தன் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின்படி ஜெர்மன் குடியுரிமை ஒன்றே என்று கருதியது. அதன் கண்ணில், வேலி தாண்டி வந்தவர்கள் தன் தூதரகத்துக்கு வந்த தன் குடிமக்கள். அதனால்தான் தூதரால் அவர்களை வெளியே போகச் சொல்ல முடியவில்லை.

---

சுதைவேலை

பழங்கட்டடப் பராமரிப்பில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், கட்டடத்தைப் பற்றி மட்டும் சில சொல்கிறேன்.

இதை வடிவமைத்தவர் ஜொவான்னி பத்திஸ்தா அல்லிப்ராந்தி. வட இத்தாலியின் ஏரிகள் சூழ்ந்த மலைப்பகுதியிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வந்து வேலை தேடிய கொத்தனார், சுதைக்கலைஞர், கட்டடக் கலைஞர் கூட்டத்தில் ஒருவர். விளாஷ்ஸ்கா என்ற தெருப்பெயருக்கே ‘இத்தாலியர் தெரு’ என்றுதான் பொருள். இத்தாலியர் தங்களுக்கென்று ஒரு மருத்துவமனையையே அந்தத் தெருவில் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடம் இன்று இத்தாலியப் பண்பாட்டு நிறுவனமாக இயங்குகிறது. ஆகவே அந்த அரண்மனையைக் கட்டியவர்கள் வேலைக்குப் போக அதிக தூரம் நடந்திருக்க மாட்டார்கள்.

கட்டச் சொன்னவர் ப்ரெஹோர்ஜோவ்ஸ்கி என்ற பிரபு. ஆசை பெரியது, கை சிறியது. கடனில் மூழ்கி, கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே மாளிகையைக் கைவிட வேண்டியதாயிற்று. லோப்கோவிட்ஸ் குடும்பத்தின் கைக்கு அது வந்தது 1753இல்தான். கட்டாதவர் பெயரே கட்டடத்துக்கு நிலைத்துவிட்டது.

தோட்டப் பக்கத்து உருளை வடிவத்துக்கு முன்மாதிரியாக, பாரிஸின் லூவ்ர் அரண்மனைக்காக இத்தாலியக் கலைஞர் பெர்னினி வரைந்து கட்டப்படாமல் போன முதல் திட்டத்தைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் சுட்டுவார்கள். பிரெஞ்சு மன்னன் வேண்டாம் என்று தள்ளிய எண்ணம், பிராகில் ஒரு கடனாளிப் பிரபுவின் வீடாக உருப்பெற்றது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பரோக் என்ற கட்டடப் பாணியின் சாரமே இந்த வளைவில்தான் இருக்கிறது: சுவர் நேராக நிற்காமல் புடைத்தும் உள்வாங்கியும் அசைவதுபோல் தோன்ற வேண்டும், பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு திசையில் திருப்ப வேண்டும். தெருவாசலில் நுழைபவர் இருண்ட நடைவழியைக் கடந்து, தோட்டத்தோடு ஒட்டிய தரைத்தளக் கூடத்துக்கு வந்து, அங்கிருந்து சட்டென்று வெளிச்சத்தில் இறங்குவார். திரும்பிப் பார்த்தால் தலைக்கு மேல் பிரபுவின் கூடமும் உப்பரிகையும். விருந்தினரைக் கீழேயும் வீட்டுக்காரரை மேலேயும் நிறுத்தும் ஏற்பாடு இது. நாடக அரங்கின் கணக்குத்தான். கென்ஷர் நின்ற இடம் தற்செயலாக அமைந்த இடம் இல்லை. ஒருவர் மேலிருந்து பேசவும் பலர் கீழிருந்து கேட்கவும் 280 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்த இடம் அது. வளைந்து வரும் இரண்டு பக்கக் கட்டடங்களும் குரலைச் சிதறவிடாமல் ஏந்திக்கொள்ளும் என்பது என் ஊகம், அளந்து பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தீவிபத்துக்குப் பிறகு, இக்னாத்சியோ பல்லியார்தி என்பவர் பக்கக் கட்டடங்களின் மேல் ஒரு தளத்தை உயர்த்தினார். அதற்கு முன்பு நடு உருளை தாழ்ந்த சிறகுகளுக்கு இடையே இன்னும் ஓங்கித் தெரிந்திருக்கும். இன்று நாம் பார்ப்பது சற்றே மழுங்கிய அல்லிப்ராந்தி. தோட்டமும் பழைய வடிவில் இல்லை. கோடு போட்டு வெட்டிய பரோக் தோட்டத்தைக் கலைத்துவிட்டு, 1793இல் வாட்ஸ்லாவ் ஸ்கால்னிக் என்ற தோட்டக் கலைஞர் அதை இயற்கை நிலம்போல் தோன்றும் ஆங்கிலப் பாணிக்கு மாற்றினார். மரியன்பாத் என்ற வெந்நீர் ஊற்று நகரின் பூங்காக்களைப் பின்னாளில் அமைத்தவரும் அவரே.

---

வரைபடப்பித்து

ஒரு குழப்பம். நான் பிராக் கோட்டைக்குள் லோப்கோவிட்ஸ் அரண்மனை என்ற பெயரில் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்கிப் போனேன். பெத்தோவன் இசைக்குறிப்புகள் எல்லாம் வைத்திருந்தார்கள். அங்கே தூதரகமும் இல்லை, தோட்டத்தில் சேறும் இல்லை. எது சரி?

---

சுதைவேலை

இரண்டும் சரி. நீங்கள் போனது கோட்டைக்குள் இருக்கும் வேறொரு லோப்கோவிட்ஸ் அரண்மனை. 2002இல் குடும்பத்தாருக்குத் திரும்பக் கிடைத்து, 2007இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நாம் பேசிக்கொண்டிருப்பது கோட்டைக்குக் கீழே விளாஷ்ஸ்கா தெருவில் இருப்பது. குழப்பத்தைக் கூட்ட வியன்னாவிலும் ஒரு லோப்கோவிட்ஸ் அரண்மனை உண்டு. பெத்தோவனின் மூன்றாம் சிம்பொனி 1804இல் முதன்முதலாக வாசித்துப் பார்க்கப்பட்டது அங்கேதான். அதுவும் பரோக் கட்டடம். அதிலும் 1869 முதல் 1909 வரை பிரெஞ்சுத் தூதரகம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் சில காலம் செக்கோஸ்லோவாக்கியத் தூதரகமும் இருந்தது. இப்போது நாடக அருங்காட்சியகம். மூன்று மாளிகைகளில் இரண்டு தூதரகக் கொடியைச் சுமந்தவை என்பது இந்த இழைக்குப் பொருத்தமான செய்தி.

---

இசார்க்கரை

பவேரியாவில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் அலுவலகத்தில் மூத்த பொறியாளர் ஒருவர் 1989இல் அந்தத் தோட்டத்தில் இருந்தவர். அவர் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் எந்த விழாவிலும் உப்பரிகையைப் பற்றிப் பேசியதில்லை. கழிப்பறை வரிசையைப் பற்றித்தான் பேசுவார். அதனால்தான் இந்த இழையில் கட்டட அழகைப் பற்றிய பேச்சு நீளும்போது எனக்குச் சற்று உறுத்துகிறது.

நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் விளங்கும். அந்தக் கோடையில் கிழக்கு ஜெர்மானியர் விசா இல்லாமல் எளிதாகப் போகக்கூடிய நாடுகளில் செக்கோஸ்லோவாக்கியா முதன்மையானது. தூதரகத்துக்குள் வந்து சேர்ந்தவர் எண்ணிக்கை ஆகஸ்டில் நூற்றைத் தாண்டியது. வாசலைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். மூடியதும் மக்கள் பின்பக்கம் சுற்றி வந்து, குன்றுப் பக்கத்து வேலியில் ஏறத் தொடங்கினார்கள். குழந்தைகளை முதலில் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் ஏறினார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வந்தார்கள். குவிமாடக் கூடத்தில் அடுக்குக் கட்டில்கள். படிக்கட்டில் ஆளுக்கு ஒரு படி. தோட்டத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கூடாரங்களும் சமையல் வண்டியும். இடம் போதாமல் முறை வைத்துத் தூங்கினார்கள். மழை வேறு. ஸ்கால்னிக் அமைத்த புல்வெளி கணுக்கால் சேறாயிற்று.

தூதர் ஹெர்மன் ஹூபரும் அவருடைய துணைவியாரும் ஊழியர்களும் இதைச் சமாளித்த விதம் தனியே எழுதத்தக்கது. தூதரகம் என்பது விருந்து, கையொப்பம், முத்திரை ஆகியவற்றுக்கான நிறுவனம். அது சில வாரங்களில் சமையற்கூடமும் மருத்துவ நிலையமும் ஆயிற்று. இடையில் கிழக்கு பெர்லினிலிருந்து வழக்கறிஞர் வொல்ஃப்காங் ஃபோகல் கிழக்கு ஜெர்மன் அரசின் சார்பில் வந்து, வீட்டுக்குத் திரும்பினால் ஆறு மாதத்துக்குள் முறைப்படி வெளியேற அனுமதி கிடைக்கும் என்று உறுதி சொன்னார். சிலர் நம்பித் திரும்பினார்கள். பெரும்பாலோர் அசையவில்லை.

தீர்வு பிராகில் பிறக்கவில்லை. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்திருந்த சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்த்னாட்சேயிடமும், கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா அமைச்சர்களிடமும் கென்ஷர் பேசிய பேச்சில் பிறந்தது. அவருக்கு அந்த ஆண்டு ஜூலையில்தான் மாரடைப்பு வந்திருந்தது. அவரே 1952இல் கிழக்கிலிருந்து மேற்குக்கு வந்தவர் என்பதையும் நினைவில் வைத்தால், உப்பரிகையில் அவர் குரல் ஏன் அப்படி இருந்தது என்பது புரியும்.

இங்கே பலரும் விட்டுவிடுவது அடுத்த பகுதி. ரயில்கள் நேராக மேற்கு ஜெர்மனிக்குப் போகவில்லை. கிழக்கு ஜெர்மனி வழியாகவே போக வேண்டும் என்பது அந்நாட்டுத் தலைவர் ஹோனெக்கருடைய அரசின் நிபந்தனை. தன் குடிமக்களைத் தானே வெளியேற்றியதாகக் காட்டிக்கொள்ள அந்த அரசு விரும்பியது. அதனால் கூட்டத்தின் மகிழ்ச்சி சில நிமிடங்களில் அச்சமாக மாறியது. ரயிலை நடுவழியில் நிறுத்திவிடுவார்கள் என்று பலர் ஏற மறுத்தார்கள். கென்ஷர் தாமே பொறுப்பு என்று வாக்களித்தார். ஒவ்வொரு ரயிலிலும் மேற்கு ஜெர்மன் அதிகாரிகள் உடன் சென்றார்கள். பிராக் லிபென் நிலையத்திலிருந்து புறப்பட்டு, கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர் வழியாக, அக்டோபர் 1 காலையில் முதல் ரயில் பவேரியாவின் ஹோஃப் நகரை அடைந்தது. அந்த மூத்தவர் சொல்லும் கதை இங்கேதான் தொடங்கும். டிரெஸ்டனைத் தாண்டும்போது பெட்டியில் ஒருவரும் பேசவில்லையாம்.

---

சட்டப்படி

இசார்க்கரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கதை அத்துடன் முடியவில்லை. ரயில்கள் போன மறுநாளிலிருந்தே தூதரகம் மீண்டும் நிரம்பியது. அக்டோபர் 3 அன்று கிழக்கு ஜெர்மனி செக்கோஸ்லோவாக்கியாவுக்கான விசா இல்லாப் பயணத்தையே நிறுத்தியது. அடுத்த நாள் ஆயிரக்கணக்கானவர்களுடன் இரண்டாம் தொகுதி ரயில்கள் டிரெஸ்டன் வழியாகப் போனபோது, அவற்றில் ஏற முயன்ற உள்ளூர் மக்களுக்கும் காவலருக்கும் நிலையத்தில் பெரும் மோதல் நடந்தது. நவம்பர் தொடக்கத்தில் எல்லை மீண்டும் திறக்கப்பட்டதும் மூன்றாம் அலை வந்தது; அதன் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து நேராக மேற்கு ஜெர்மனிக்குப் போகலாம் என்றாயிற்று. நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. உப்பரிகையில் சொன்ன அந்தச் செய்திக்கும் அதற்கும் இடையே ஆறு வாரம்கூட இல்லை.

---

எதிர்வாதம்

கூரைநிழல் அவர்களின் முதல் கருத்தை நான் மறுக்கிறேன். “மாளிகை இல்லாதிருந்தால் நடந்திருக்காது” என்பதைச் சோதிக்க ஊகம் வேண்டியதில்லை. வரலாற்றிலேயே சோதனை இருக்கிறது. அதே செப்டம்பரில் வார்சாவில் இருந்த மேற்கு ஜெர்மன் தூதரகத்திலும் கிழக்கு ஜெர்மானியர் அடைந்திருந்தார்கள். அவர்களும் அதே நாள்களில் ரயிலேறினார்கள். அங்கே அல்லிப்ராந்தியும் இல்லை, உருளைக் கூடமும் இல்லை. புடாபெஸ்ட் தூதரகத்தை ஆகஸ்டிலேயே கூட்டத்தால் மூடினார்கள். கிழக்கு பெர்லினில் இருந்த மேற்கு ஜெர்மனியின் நிரந்தரப் பிரதிநிதி அலுவலகத்தையும் அப்படியே. செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட்டது. அதற்கு எந்த உப்பரிகையும் தேவைப்படவில்லை.

சரியாகச் சொன்னால், சட்டமும் மாஸ்கோவின் மனமாற்றமும்தான் கதவைத் திறந்தன. மாளிகை செய்தது நல்ல புகைப்படத்தைத் தந்தது மட்டுமே. வார்சாவை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, பிராகை எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்றால், அது வரலாற்றின் தீர்ப்பு ஆகாது, கேமராவின் தீர்ப்பு.

---

கூரைநிழல்

வார்சாவைச் சுட்டியதற்கு நன்றி. “நடந்திருக்காது” என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘வேற்று நாட்டின் மண்’ என்பதையும் அவ்வாறே. சட்டப்படி அவர்களின் விளக்கத்துக்குப் பின் முதல் பதிவைத் திருத்த நினைத்தேன், ஆனால் திருத்தினால் பதில்கள் பொருளற்றுப் போகும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

ஆனால் புகைப்படம் மட்டுமே என்பதை ஏற்க மாட்டேன். எண்ணிக்கையைப் பாருங்கள். வார்சாவில் நூற்றுக்கணக்கில், பிராகில் ஆயிரக்கணக்கில். கிழக்கு ஜெர்மனிக்குப் பிராக் பக்கம் என்பதும் விசா வேண்டாம் என்பதும் இதற்கு முதல் காரணங்கள், மறுக்கவில்லை. ஆயினும் ஒரு கட்டடம் தன்னிடம் வருபவரில் எத்தனை பேரை ஏந்த முடியும் என்பது அதன் தோட்டத்தின் அளவைப் பொறுத்தது. தோட்டம் நிரம்பாத வரை, உள்ளே இடமில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நூறு பேர் சிக்கலைத் தூதர்கள் பேசி முடிக்கலாம். நான்காயிரம் பேர் சேற்றில் நிற்கும்போது ஐ.நா. சபையின் நடைக்கூடத்தில் அமைச்சர்கள் ஒருவரையொருவர் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியை அந்த அளவுக்கு வளர இடம் கொடுத்தது தோட்டம்.

இசார்க்கரை அவர்களுக்கு: உங்கள் உறுத்தல் நியாயமானது. கழிப்பறை வரிசையும் இந்தக் கட்டடத்தின் கதைதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. விருந்துக்குக் கட்டிய மாளிகையில் விருந்தாளிகள் இரவு தங்குவதைப் பற்றி அல்லிப்ராந்தி யோசித்திருக்க மாட்டார்.

---

நெருடா முக்கு

வேறொரு கோணம். பிராகில் இது ஒரே தூதரக அரண்மனை அன்று. மாலா ஸ்த்ரானாவில் எந்தப் பெரிய கதவைப் பார்த்தாலும் ஏதோ ஒரு நாட்டுக் கொடி தொங்கும். விளாஷ்ஸ்காவின் கீழ்முனையில், சில நிமிட நடையில், ஷோன்போர்ன் அரண்மனை. 1925இல் அமெரிக்க அரசு வாங்கியது, இன்றும் அமெரிக்கத் தூதரகம். 1917இல் எழுத்தாளர் காஃப்கா அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தபோதுதான் அவருக்கு முதன்முதலாக இருமலில் இரத்தம் வந்தது. நெருடா தெருவில் ஏறினால் ருமேனியத் தூதரகமான மோர்ட்சின் அரண்மனை. சிற்பி புரோகாஃப் செதுக்கிய இரண்டு மூர் இனத்தவர் அதன் உப்பரிகையைத் தோளில் தாங்குகிறார்கள். குடும்பப் பெயரான மோர்ட்சினை ‘மூர்’ என்ற சொல்லோடு இணைத்த சிலேடை அது. காளமேகப் புலவர் பார்த்திருந்தால் ரசித்திருப்பார். அதே தெருவில் எதிர்ப்புறம் மாத்தியாஸ் பிரவுன் செதுக்கிய பெரிய கழுகுகள் காக்கும் வாசல் இத்தாலியத் தூதரகம். பிரான்ஸ், போலந்து, பிரிட்டன் எல்லாமே அரண்மனைகளில்.

காரணம் எளிது, ஆனால் நீண்டது. 1541இல் பெருந்தீ அந்தப் பகுதியை அழித்தது. 1620இல் வெள்ளைமலைப் போரில் பொஹீமியப் பிரபுக்கள் தோற்றபின் அவர்களுடைய நிலங்கள் பறிக்கப்பட்டு, ஹாப்ஸ்பர்க் மன்னருக்கு வேண்டியவர்களிடம் போயின. புதுப்பணக்காரர்கள் கோட்டையின் காலடியில் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். ஆனால் அரசவை வியன்னாவில் இருந்ததால், கட்டிய மாளிகைகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. 1918இல் குடியரசு பிறந்தது. பிரபுப் பட்டங்கள் ஒழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் நிலச்சீர்திருத்தம் வருமானத்தைக் குறைத்தது. ஒருபக்கம் பராமரிக்க முடியாத மாளிகைகள், மறுபக்கம் புதிய தலைநகரில் இடம் தேடும் வெளிநாட்டுத் தூதர்கள், குன்றின்மேல் குடியரசுத் தலைவர். லோப்கோவிட்ஸ் குடும்பம் விளாஷ்ஸ்கா அரண்மனையை 1927இல் செக்கோஸ்லோவாக்கிய அரசுக்கு விற்றதும் இந்த அலையில்தான். மேற்கு ஜெர்மனி அங்கே வந்தது 1974இல். 1973 டிசம்பரில் கையொப்பமான பிராக் ஒப்பந்தத்துக்கு முன் அந்த இரு நாடுகளுக்கும் தூதரக உறவே இல்லை.

ஆகவே 1989இல் அந்தத் தூதரகத்துக்கு வயது பதினைந்துதான். கட்டடத்தின் வயதைப் பார்த்து நிறுவனத்தின் வயதைக் கணிப்பது நம் எல்லோருக்கும் வரும் தவறு.

---

எதிர்வாதம்

இந்தப் பட்டியலைப் படித்ததும் ஒரு மனக்குறை. ஒரு நகரின் மிகச் சிறந்த உட்கூடங்களும் தோட்டங்களும் அந்த நகரத்தாரே நுழைய முடியாத இடங்களாக இருக்கின்றன. பிரபு காலத்திலும் உள்ளே போக முடியாது, இப்போதும் முடியாது. நடுவில் ஆயிரக்கணக்கானவர்கள் அனுமதி கேட்காமல் நுழைந்தார்கள், அவர்களும் வெளியூர்க்காரர்கள்.

---

சுதைவேலை

குறை சரி. ஆனாலும் பராமரிப்பவன் கண்ணோடு பார்த்தால், காலியாகக் கிடப்பதைவிடக் கொடி தொங்குவது கட்டடத்துக்கு நல்லது. இத்தகைய மாளிகைக்கு முதல் எதிரி கூரையில் விழும் சிறு ஓட்டை. அதை அன்றாடம் பார்க்க ஆள் வேண்டும். தூதரகத்துக்குத் தன் நாட்டின் பெருமை அந்தக் கூடத்தில் இருப்பதால் சுதைவேலைப்பாடு உதிர்ந்தால் பொறுக்காது. மாற்றிக் கட்டவும் முடியாது. பிராக் பழைய நகர் 1992 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. என் கவலை வேறு: இக்காலத் தூதரகம் கேட்கும் கண்காணிப்புக் கேமரா, தடுப்புக் கம்பி, குளிரூட்டிக் குழாய், கணினி வடம் எல்லாவற்றையும் 300 ஆண்டு பழைய சுவரில் துளையிடாமல் கொண்டுபோவது. வெளியே தெரியாமல் செய்யும் அந்த வேலைக்கு ஆகும் செலவைச் சொன்னால் புதுக்கட்டடம் கட்டுபவர்கள் சிரிப்பார்கள்.

---

வரைபடப்பித்து

அடுத்த முறை போனால் அந்தத் தோட்டத்தை எப்படிப் பார்ப்பது? தூதரகத்துக்குள் விடுவார்களா?

---

கூரைநிழல்

வழக்கமான நாளில் விட மாட்டார்கள். பின்பக்கம் போங்கள். தூதரக வாசலைத் தாண்டி விளாஷ்ஸ்காவில் மேலே ஏறி, இடப்பக்கம் பூங்காவுக்குள் திரும்பி, தோட்டச் சுற்றுவேலியை ஒட்டிய பாதையில் வந்தால், கம்பிகளுக்கு இடையே முழு முகப்பும் தெரியும். உருளை, உப்பரிகை, புல்வெளி எல்லாம். புல்வெளியில் நான்கு மனிதக் கால்களோடு, கிழக்கு ஜெர்மனியில் தயாரான டிரபான்ட் கார் ஒன்று நிற்கும். தாவித் செர்னி 1990இல் செய்த சிற்பத்தின் வெண்கலப் படி அது. 2001இலிருந்து அங்கே இருக்கிறது. 1989இல் தூதரகத்துக்கு வந்த கிழக்கு ஜெர்மானியர் சாவியோடு தெருக்களில் விட்டுப்போன கார்களின் நினைவாகச் செய்தது. மூலச் சிற்பம் முதலில் பழைய நகரச் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தது.

நான் போன அன்று வேலிக்கு வெளியே ஒரு வயதான தம்பதியர் நின்றிருந்தார்கள். அந்த அம்மையார் கம்பியின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்து, கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வேலி என் தலைக்கு மேல் இருந்தது.

---

இசார்க்கரை

கேட்டிருக்கலாம் நீங்கள்.